சரஸ்வதி அம்மாமேல் விழுந்த பழி

சென்ற வாரம் பார்த்த ‘ட்ரீம் கவுண்ட்’ (2025) நாவலில் நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சி படைத்த பெண்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், சம்பாதிப்பவர்கள். இருந்தும் தங்கள் வாழ்வில் வந்துபோன ஆண்களை நினைத்தே மருகுகிறார்கள். இதுவா பெண்ணியம் என்பது அந்த நாவல்மீது வைக்கப்படும் குறை. திருவனந்தபுரத்தில் கே. சரஸ்வதி அம்மா இதற்கு நேர்மாறான குற்றச்சாட்டைச் சுமந்தார். 1919இல் பிறந்து 1938 முதல் மலையாளத்தில் கதை எழுதிய அவர், 1958இல் ‘புருஷன்மாரில்லாத்த லோகம்’ (ஆண்கள் இல்லாத உலகம்) என்ற கட்டுரை நூலை வெளியிட்டார். ஆண்களை வெறுப்பவர் என்ற பெயர் அவரைவிட்டு நீங்கவே இல்லை. அந்தப் பழி அநியாயமானது. காதலின் பெயரால் பெண் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அவர் கதைக்குக் கதை விசாரித்தார்.

கல்லூரியில் அவரோடு படித்தவர் கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை. தற்கொலை செய்துகொண்ட நண்பர் இடப்பள்ளி ராகவன் பிள்ளையின் நினைவில் சங்ஙம்புழ எழுதிய ‘ரமணன்’ என்ற கவிதை நூல் 1936இல் வந்தது. காதலில் தோற்று உயிர்விடும் ஏழை இடையனுக்காகக் கேரளமே கண்ணீர்விட்டது. அவனைக் கைவிட்ட காதலி சந்திரிகையோ வசைக்கு ஆளானாள். அந்த அலை அடங்காத காலத்தில்தான் சரஸ்வதி அம்மா, காதல் மொழியைக் கேட்கும் பெண்ணின் பக்கம் நின்று எழுதத் தொடங்கினார். அவருக்கு ஆறு வயதானபோது, 1925இல் திருவிதாங்கூர் நாயர் சட்டம் தறவாட்டுச் (தாய்வழிக் கூட்டுக்குடும்பச்) சொத்தைப் பங்கிட வழி திறந்தது. தாய்வழிக் குடும்பத்தில் உரிமையோடு இருந்த பெண் மெல்ல மெல்லக் கணவனின் கையை எதிர்பார்க்கும் மனைவியானாள். சொத்து கைநழுவும் வேளையில் காதலை மட்டும் பெண்ணின் பேறாகப் பாடினால், சிந்திக்கிற பெண்ணுக்குச் சந்தேகம் வராதா? அவர் உள்ளாட்சித் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தார். மணம் செய்துகொள்ளாமல், சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். தன் கதைகளில் எழுப்பிய சந்தேகத்துக்கு வாழ்க்கையிலும் நேர்மையாக இருந்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அவருடைய பாத்திரங்கள் வாதாடுகின்றன, கதை கட்டுரையாகிவிடுகிறது என்பார்கள். பலவீனமான கதைகளில் அது உண்மைதான். ஆனால் பெண் வாய்திறந்து தர்க்கம் செய்வதே அரிதாக இருந்த சமூகத்தில், ஒருத்தி எதிர்த்துப் பேசுவதே ஒரு சம்பவம். படித்த நாயர் பெண்ணின் உலகத்தைத் தாண்டி அவர் அதிகம் போகவில்லை என்ற குறை இதைவிடக் கனமானது. அதை மறுக்க முடியாது. கினியிலிருந்து வந்து ஓட்டலில் அறை துடைக்கும் கதியாத்துவை நாவலுக்குள் கொண்டுவந்ததில் அடிச்சி அவரைக் கடந்து போகிறார். ஆனால் எல்லை குறுகியது என்பதற்காக விசாரணை பொய்யாகிவிடாது.

சம்பளம் வந்துவிட்டால் இந்தக் கேள்விகள் காலாவதியாகிவிடும் என்று நினைப்பவர்கள் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்துக்கு வரட்டும். 1990இல் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்த ஊர் இது. சுற்றிலும் பெண்கள் விடுதிகள். தமிழ்நாட்டுப் பெண்களும் இங்கே தங்கி வேலை பார்க்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்குபவளிடமும் வீடு கேட்பது கல்யாணம் எப்போது என்றுதான். வேலையை விடு, ஊரை மாற்று என்ற நிபந்தனைகள் பின்னாலேயே வருகின்றன. அவற்றை அன்பின் பெயரால் கேட்கும்போது மறுப்பது இன்னும் கடினம். சரஸ்வதி அம்மா எழுதியது இந்தக் கடினத்தைப் பற்றித்தான். அவரை ஆண் வெறுப்பாளர் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தீர்ந்துபோகிறது. பன்னிரண்டுக்கும் குறையாத நூல்களை எழுதியவர், கடைசி ஆண்டுகளில் எழுதுவதை நிறுத்திவிட்டு, 1975இல் மறைந்தார். ஆய்வாளர் ஜெ. தேவிகா போன்றோர் அவரை மீண்டும் வாசிப்புக்குக் கொண்டுவர, பல பத்தாண்டுகள் ஆயின.

(தொடரும்)