சேம அச்சும் சக்கரப் பெட்டியும்

திருச்சியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் போகும்போது, விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூர் வந்துவிடும். சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் மூவர் கோயில். இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூன்று கற்றளிகளில் இரண்டு இன்றும் நிற்கின்றன. அதைப் பார்ப்பதற்கென்றே வண்டியை நிறுத்துகிறவர்கள் குறைவு; வேலையாகக் கடந்து போகிறவர்களே அதிகம். மருந்துக் கம்பெனி ரெப், சிப்காட் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்துவிட்டுத் திரும்பும் சர்வீஸ் என்ஜினீயர், துணி சாம்பிள்களோடு போகும் ஏஜென்ட் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூர் லாட்ஜில் படுக்கிறவர்கள் இந்தச் சாலையில் எப்போதும் உண்டு.

இவர்களுக்குப் போகிற ஊர் பழகிய ஊர்தான். பெட்டிதான் ஒவ்வொரு முறையும் புதிதாகிவிடுகிறது. முந்தின இரவு பத்து மணிக்கு மேல் அலமாரியைத் திறந்து நின்று, எதை எடுப்பது, எதை விடுவது என்று முதலிலிருந்து யோசிக்கிறார்கள். விடிந்ததும் பல் துலக்கிய பிரஷ் குளியலறையிலேயே தங்கிவிடுகிறது. சார்ஜர் சுவரில் தொங்குகிறது. அடிக்கடி பயணம் போகிறவருக்குப் பெட்டியை அழகாக அடுக்கும் கலை அவ்வளவு முக்கியமில்லை. ஒரே முடிவை இரண்டாம் முறை எடுக்காமல் இருக்கும் ஏற்பாடுதான் முக்கியம். இந்தச் சாலையில் போன பழைய வியாபாரிகளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

தமிழில் மிக விரிவான பழைய வழித்தடக் குறிப்புகளில் ஒன்றில் கொடும்பாளூர் வருகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், உறையூரைக் கடந்து மதுரைக்குப் போகும் கோவலன், எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோனிடம் வழி கேட்கிறான். அவர் நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. இது கோடைக்காலம், நிலம் பாலையாகிக் கிடக்கிறது, புறப்பட நல்ல நேரமில்லை என்ற எச்சரிக்கை முதலில் வருகிறது. பிறகு, கொடும்பையின் நெடுங்குளக் கரையை அடைந்தால் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறார். வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், நடுவழியில் ஊர்களும் காடுகளும் மாறி மாறி வரும், அங்கே ஒரு தெய்வம் வழிமறிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளமும் ஆபத்தும் சொல்கிறார். பின்னால் வெயில் தாங்காத கண்ணகிக்காகப் பகலில் தங்கி, நிலவில் நடப்பது என்று முடிவாகிறது. பருவம், மாற்று வழி, புறப்படும் வேளை என்று வெளியூர் கிளம்புகிறவர் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய மூன்றும் அந்தக் காப்பியத்தில் இருக்கின்றன.

கோவலனின் பெட்டியையும் பார்க்கலாம். பாரம் குறைவு, மதிப்பு அதிகம்: சிலம்பு. வியாபாரி வீட்டுப் பிள்ளை சரியாகத்தான் தேர்ந்தெடுத்தான். ஆனால் அது தன் வீட்டுப் பொருள் என்று காட்ட, போகிற ஊரில் அவன் கையில் எதுவும் இல்லை. இன்று லேப்டாப்போ விலை உயர்ந்த அளவுக்கருவியோ கொண்டு விமானம் ஏறும் என்ஜினீயர்கள், பில்லின் நகலையும் கம்பெனிக் கடிதத்தையும் கூடவே வைத்துக்கொள்வது அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

இடைக்காலத்தில் கொடும்பாளூர் வழிப்போக்கர் ஊராக மட்டும் இருக்கவில்லை. வணிகர் ஊராகவும் இருந்தது. மணிக்கிராமம் என்ற வணிகக் குழு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கடலுக்கு அப்பாலும் இயங்கியது. கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் (கி.பி. 849) அதன் பெயர் உண்டு. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விடுகிறது. கொடும்பாளூர் மணிக்கிராமம் என்று ஊர்ப்பெயரோடே குறிக்கும் கல்வெட்டுகளும் இருக்கின்றன.

தகுவாபாக் குளம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டிய சங்கதி. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன இடத்தில் நீர்நிலைக்குப் பொறுப்பு ஏற்கிறார்கள் என்றால், ஒரு தடவை வந்து போகிற எண்ணம் அவர்களுக்கு இல்லை. அடுத்த கப்பலில் வருகிறவனுக்கும் அங்கே தண்ணீர் காத்திருக்கும். ஐந்நூற்றுவர் என்ற இன்னும் பெரிய வணிகக் கூட்டமைப்பு, எறிவீரபட்டினம் என்ற பெயரில் காவல் உள்ள ஊர்களை ஏற்படுத்திக்கொண்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சரக்கோடு வருகிறவன் பயமின்றித் தங்க அவை உதவின. தங்குமிடத்தில் என்ன இருக்கும் என்பது உறுதியானால் தூக்கிப் போகும் சுமை தானாகக் குறையும்.

இதே ஏற்பாட்டைப் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் இன்னும் கச்சிதமாகச் செய்தவர்கள் பக்கத்துச் செட்டிநாட்டு நகரத்தார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன ஏஜென்டுகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. பகலில் அங்கேயே கணக்கு எழுதுவார்கள், இரவில் அங்கேயே படுப்பார்கள். வீடு தேட வேண்டாம், சமையலுக்கு அலைய வேண்டாம். ஒருவர் தவணை முடிந்து ஊர் திரும்பினால் அடுத்தவர் அதே மேசையில் உட்காருவார். இன்றைய ரெப்புகளிலும் பழுத்தவர்கள் ஊருக்கு ஒரு லாட்ஜை வழக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், இஸ்திரிக்காரர் தெருமுனையில் இருக்கிறாரா, பக்கத்து மெஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்குமா என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் பெட்டியிலிருந்து நாலு சாமான் கழன்றுவிடும்.

இனி பெட்டிக்கு வருவோம்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை, பாரமோ மிகுதி, வழியில் மேடும் வரும், பள்ளமும் வரும். என்ன நேருமோ யார் கண்டது என்று உமணர்கள் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருந்தார்கள். அதுதான் சேம அச்சு. பொகுட்டெழினி என்ற தலைவனைப் புகழ ஔவைக்கு அது உவமையாகக் கிடைத்தது. பயணிக்கோ அதைவிட உருப்படியான யோசனை கிடைப்பது கடினம். உமணர்கள் எல்லாவற்றிலும் ஒன்று உபரியாக எடுத்துப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நுகம், நாலு சக்கரம் என்று அடுக்கியிருந்தால் உப்புக்கு இடம் இருந்திருக்காது. எது உடைந்தால் வண்டி நடுவழியில் நின்றுபோகுமோ அதற்கு மட்டும் மாற்று.

இன்றைய வண்டியின் அச்சு போன் சார்ஜர். வீட்டுக்கு ஒன்று, பெட்டிக்கென்று ஒன்று. பெட்டியிலிருப்பதை வீட்டில் எடுத்து உபயோகிக்கவே கூடாது. பிரஷ், பேஸ்ட், சோப்பு, ஷேவிங் செட், சீப்பு எல்லாம் ஒரு சின்னப் பையில் நிரந்தரமாகப் பெட்டிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்குப் பழைய கண்ணாடியே சேம அச்சு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டு நாள் கூடுதலாக எடுத்து, சீட்டின் நகலோடு கைப்பையில் வைக்கலாம். பெரிய பெட்டி தொலைந்தாலும் மாத்திரை தொலையாது. தீர்ந்துபோன சாமானை நிரப்ப வேண்டிய நேரம் புறப்படும் இரவல்ல, திரும்பி வந்த இரவு. என்ன தீர்ந்தது, எதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகத்தில் இருக்கும். மூன்று பயணமாகத் தொடாமல் வந்த சாமான் நாலாவது முறை போக வேண்டியதில்லை, அது குடையாகவோ மருந்தாகவோ இல்லாதவரை.

அடுக்குவதற்கும் பழைய பாடம் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. மிளகு மூட்டைகள் கழுதையின் இரு பக்கமும் இணையான பொதிகளாகத் தொங்குகின்றன; சுமந்து சுமந்து முதுகு தழும்பேறிய கழுதைகள் வணிகச் சாத்தோடு போகின்றன. ஒரு பக்கம் கனத்தால் விலங்கு நடக்காது. சக்கரப் பெட்டிக்கும் சமநிலை வேண்டும்: ஷூ, சார்ஜர், புத்தகம் போன்ற கனமானவை சக்கரத்தை ஒட்டி அடியில், சட்டைகள் மேலே. தோளில் மாட்டும் பையென்றால் கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும். சைட்டுக்குப் போகிற என்ஜினீயர்கள் பாதுகாப்பு ஷூவைப் பெட்டியில் திணிக்காமல் காலில் போட்டுக்கொண்டே கிளம்புகிறார்கள். அதிலேயே ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம்.

துணி விஷயத்தில் மூன்று இரவுக்கு இரண்டு பேன்ட், மூன்று சட்டை போதும். எந்தச் சட்டையும் எந்தப் பேன்ட்டோடும் சேர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. டி-சர்ட், உள்ளாடைகளைச் சுருட்டலாம். காலர் சட்டையை ஒன்றின்மேல் ஒன்று பரப்பி, சேர்த்து மடித்தால் கசங்கல் குறையும். கைத்தறி வேட்டி பெட்டிக்குள் தன் விருப்பப்படிதான் நடந்துகொள்ளும். கல்யாண வீடு இல்லாத பயணத்தில் லுங்கிதான் அதைவிட உபயோகமானது. படுக்கவும் ஆகும், அறையின் போர்வையை நம்ப முடியாத இடத்தில் போர்த்தவும் ஆகும்.

ரெப்புகளின் பையே இப்போது மாறிவிட்டது. 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டத்தின் பாதுகாப்பில் நெடுங்காலம் இருந்த இந்தத் தொழிலில், மாதத் தொடக்கத்திலேயே டூர் ப்ரோகிராம் எழுதிவிடுவார்கள்: தலைமையிடத்தில் எத்தனை நாள், போய்த் திரும்பும் எக்ஸ்-ஸ்டேஷன் எத்தனை, ராத்தங்கும் அவுட்-ஸ்டேஷன் எத்தனை என்று. முன்பு வண்ண அட்டைகள், சாம்பிள், டாக்டருக்குத் தரும் பரிசுப்பொருள் எல்லாம் சேர்ந்து தோளை இறக்கும். இப்போது அட்டைகள் டேப்லெட்டுக்குள் போய்விட்டன. பரிசுகளை 2024இல் வந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள் தடுத்துவிட்டன. ஆனால் டூர் ப்ரோகிராமின் அருமை குறையவில்லை. முன்கூட்டி எழுதிய பயணத்துக்குத்தான் முன்கூட்டி டிக்கெட் எடுக்க முடியும். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. தட்கலுக்கு ஏசி வகுப்பில் முந்தின நாள் காலை 10 மணி, மற்றவற்றில் 11 மணி. இணையத்தில் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பு வேண்டும். பல ரயில்களில் இரவு 11 மணிக்கு மேல் சார்ஜ் போடும் இடங்களில் மின்சாரம் இருக்காது என்பதையும் பவர் பேங்க் இல்லாதவர்கள் நினைவில் வைக்கலாம்.

சாப்பாடு வேறு ஒரு கணக்கு. பெரும்பாணாற்றுப்படையின் உமணர் வண்டியில் முகப்பிலேயே காடிக்கலம் இருக்கும். நம் வீடுகளின் கட்டுச்சோறு அதே சிந்தனைதான். புளியோதரை அவ்வளவு நேரம் தாங்குவது புளியின் அமிலத்தாலும் நல்லெண்ணெயாலும். காலையில் கிளம்பி மதியம் சாப்பிடுவதென்றால் தயிர் சாதத்தில் தயிரை ஊற்றக் கூடாது. ஆறிய சாதத்தில் நிறையப் பாலும் ஒரே ஒரு கரண்டித் தயிரும் கலந்து எடுத்துப் போனால், போகிற வழியிலேயே உறைந்து, புளிக்காமல் இருக்கும். இட்லியைச் சூடு ஆறியபின் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி வைத்தால் தனியாகச் சட்னி டப்பா வேண்டாம், பையில் கொட்டும் கவலையும் இல்லை.

அந்தக் காலப் பெருவழிகளில் உல்கு என்ற சுங்கம் இருந்தது. இன்று விராலிமலைப் பக்கம் பூதக்குடியில் டோல்கேட். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால், பெட்டியைச் சரிபார்ப்பதோடு அதன் இருப்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

விமானத்தில் போகிறவர்களுக்குத் திருச்சியிலேயே ஆசிரியர்கள் உண்டு. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அடிக்கடி பறந்து சரக்கு கொண்டு வருகிறவர்களை ஊர் ‘குருவி’ என்கிறது. இவர்களில் சிலர் சுங்க அதிகாரிகளின் பட்டியலிலும் இடம்பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம். எடை விஷயத்தில் மட்டும் அவர்களிடம் கற்கலாம். வீட்டிலேயே கைத்தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிடுவார்கள், கவுன்டரில் பெட்டியைப் பிரிக்கும் அவமானம் அவர்களுக்கு இல்லை. இந்திய விமானங்களில் கைப்பெட்டிக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். காலிப் பெட்டியே மூன்று கிலோ என்றால் மிச்சம் நாலு. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், கீழே போடும் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. கடைகளில் விற்கும் 20,000 எம்.ஏ.எச். பேங்க் சுமார் 74 வாட்-மணி என்பதால் கவலையில்லை. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையின் திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாள் கால அவகாசம் உண்டு. சிங்கப்பூர் அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுத் தளமல்ல.