சுடுநீர்க் கலன்களில் படியும் கசடு

திருமலையில் அன்னதானச் சமையலுக்கென, கதிரவன் வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் அமைப்பொன்று 2002-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 106 குழியாடிகளைக் கொண்டு நாளொன்றுக்கு 4,000 கிலோகிராம் நீராவி பெறுமாறு அது திட்டமிடப்பட்டது. இத்தகைய கலன் எதிலும் நீர் ஆவியாகிச் செல்லும். அதில் கரைந்திருந்த உப்புகள் செல்வதில்லை. மாணவர்க்கு ஒரு கணக்குக் கொடுக்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள கிணற்றுநீரை அப்படியே ஊற்றி 4,000 லிட்டரை ஆவியாக்கினால், சுமார் 1,200 கிராம் சுண்ணாம்புப் பொருள் ஒரே நாளில் எஞ்சி நிற்கும். ஆகவேதான் கொதிகலனுக்குரிய நீரை முதலில் மென்மையாக்குகின்றனர். அடியில் திரளும் கசட்டையும் அவ்வப்போது வெளியேற்றுகின்றனர்.

வீட்டிலுள்ள சுடுநீர்க் கலனுக்கு இவ்வித கவனிப்புக் கிட்டுவதில்லை. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெரும்பாலும் கருங்கற் பாறையின் வெடிப்புகளிலிருந்தே நீர் பெறுகின்றன. பாறை சிதைகையில் வெளிப்படும் கால்சியமும் மக்னீசியமும் அந்நீரில் கலக்கின்றன. குடிநீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரவிதி கூறுகின்றது. குடிக்கத் தகுந்த அந்நீரே சூடாக்கும் கலனுக்குப் பகையாகிவிடுகின்றது.

நீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டினால் சிதைகின்றது. கரியமில வாயு பிரிந்து, கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிகின்றது. வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் காணும் வெள்ளைப் பூச்சு இதுவே. 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் படிதல் விரைவுறும். மின்சாரக் கலனில் இது வெப்பத் தண்டைப் போர்த்திக்கொள்ள, வெப்பம் நீருக்குச் செல்லாமல் தண்டு மிகுதியாகச் சூடேறிக் கெடுகின்றது. மாடியிலுள்ள சூரிய வெப்பக் கலனிலோ, கண்ணாடிக் குழல்களின் அடியில் வெண்சேறு தங்குகின்றது.

குளிர் நாடுகளில் வீடு முழுவதையும் வெந்நீர்க் குழாய்களால் சூடாக்குவர். அங்கு ஒரே நீர் மீண்டும் மீண்டும் சுற்றி வருவதால் சுண்ணாம்பு அதிகம் சேர்வதில்லை. இரும்பு அரித்து உண்டாகும் கருஞ்சேறே தொல்லை தருவது. அது காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடு. ஆதலின் நீரை வேகமாகச் செலுத்திக் கழுவி, எஞ்சியதைக் காந்த வடிகட்டியில் பிடிக்கின்றனர்.

எந்தக் கசடு என அறிவது எளிது. உலர்ந்த துணுக்கின்மீது எலுமிச்சைச் சாறு விடுக. குமிழ் எழுந்தால் கார்பனேட். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. இரண்டும் இல்லையேல் ஜிப்சமோ சிலிக்காவோ ஆகலாம், அதற்கு எலுமிச்சை அமிலம் பயன்படாது.

கார்பனேட் படிவை நீக்க, மின் இணைப்பை அறவே துண்டித்து, கலன் ஆறியபின் நீரை வடித்துவிடவேண்டும். எலுமிச்சை அமிலக் கரைசலைச் சில மணி நேரம் ஊறவிட்டு, பலமுறை நல்ல நீரால் அலசவேண்டும். கடைகளில் விற்கும் வீரியமான அமிலம் விரைவில் வேலை செய்யுமென்பது உண்மையே. உலோகத்தையும் அது விட்டுவைக்காது. கலனுள் மக்னீசியத் தண்டு இருப்பின், தேய்ந்துபோயுள்ளதா எனப் பார்த்து மாற்றுக.

சூரியக் கலனை வெயிலேறுமுன் விடியற்காலையிலேயே திறக்கவேண்டும். காய்ந்த குழலில் குளிர்நீர் பட்டால் கண்ணாடி வெடிக்கும். கிணற்றுக்கெனப் பிளீச்சிங் பவுடர் வைத்திருக்கும் களப்பணியாளர் அதனை அமிலத்தருகே கொண்டுசெல்லலாகாது. இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும்.