மன்னர் பெயர் இல்லாத கல்வெட்டு

எருசலேம் நகரின் கிழக்குச் சரிவில் கீகோன் என்று ஓர் ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் மலைக்குள் நுழைந்து, 533 மீட்டர் தூரம் இருட்டில் ஓடி, தெற்கே சீலோவாம் குளத்தில் போய்ச் சேருகிறது. இந்தப் பாதை தானாக அமைந்ததல்ல. சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் பாறையைக் குடைந்து உண்டாக்கியது. வெட்டச் செய்தவர் யூதா நாட்டு மன்னர் எசேக்கியா என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் முடிவு.

தாவீது, சாலொமோன் பெயர்களை உலகமே அறியும். எசேக்கியாவின் பெயர் வேதாகமம் படிப்பவர்களுக்கு மட்டுமே பழக்கம். ஆனால் வேதாகமத்துக்கு வெளியே, கல்லிலும் களிமண்ணிலும் இவர் காலத்துக்குக் கிடைத்திருக்கும் அளவு சான்று அந்த இரு மன்னர்களுக்கும் கிடைக்கவில்லை.

கப்பம் நின்றது

சாலொமோனுக்குப் பின் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. கி.மு. 722 வாக்கில் வடநாடு அசீரியப் படையிடம் வீழ்ந்தது. எசேக்கியாவின் தந்தை ஆகாஸ், அசீரியாவுக்குக் கப்பம் கட்டித் தம் நாட்டைக் காப்பாற்றி வந்தவர்.

எசேக்கியா 25-வது வயதில் பட்டத்துக்கு வந்து 29 ஆண்டுகள் ஆண்டதாக வேதாகமம் கூறுகிறது. மேடைகள்தோறும் நடந்த வழிபாட்டை நிறுத்தினார். மோசே செய்ததாகச் சொல்லப்பட்ட வெண்கலச் சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியதைக் கண்டு, அதையும் உடைத்துப் போட்டார். கி.மு. 705-ல் அசீரிய மன்னன் சர்கோன் போர்க்களத்தில் மடிந்தான். சாம்ராஜ்யம் எங்கும் கலகம் மூண்டது. எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினார்.

படை வரும் என்பது அவருக்குத் தெரியும். ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுக்கண்களைத் தூர்க்கச் செய்தார். வருகிற பகைவனுக்குத் தண்ணீர் எதற்கு என்பதே எண்ணம். மதிலைப் பலப்படுத்த வீடுகள் இடிக்கப்பட்டதாக ஏசாயா தீர்க்கதரிசியின் ஆகமம் சொல்கிறது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகழாய்வாளர் நாமான் அவிகாத், வீடுகளின் மேலேயே எழுப்பப்பட்ட 7 மீட்டர் அகல மதிலைக் கண்டெடுத்தார். 'அரசருக்கு உரியது' என்று முத்திரையிட்ட ஜாடிக் கைப்பிடிகளும் யூதாவெங்கும் ஆயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன.

இரு முனையிலிருந்தும்

எல்லாவற்றிலும் பெரிய வேலை சுரங்கம்தான். ஒரு கோஷ்டி ஊற்றுப் பக்கத்திலிருந்தும், மற்றொரு கோஷ்டி குளத்துப் பக்கத்திலிருந்தும் தோண்டியது. இன்று மலையைக் குடைந்து ரயில் பாதை போடும்போதும் இரு பக்கமும் தோண்டுவது உண்டு. அதற்குச் சர்வே கருவிகள் இருக்கின்றன. அவர்களிடம் இருந்தவை உளி, சுத்தியல், எண்ணெய் விளக்கு.

நேர்க்கோட்டில் சுமார் 320 மீட்டர் தூரமே உள்ள இடத்தில் பாதை வளைந்து நெளிந்து செல்கிறது. பாறையில் ஏற்கெனவே இருந்த வெடிப்பைப் பின்பற்றினார்கள் என்பர் சிலர். மேலேயிருந்து தட்டிய ஓசையைக் கேட்டுத் தோண்டினார்கள் என்பர் வேறு சிலர். சந்திக்கும் இடத்துக்கு அருகில், திசை தவறித் தோண்டிப் பாதியில் கைவிட்ட பொந்துகள் இன்றும் தெரிகின்றன. ஆனால் மட்டம் தவறவில்லை. முழு நீளத்துக்கும் சரிவு 30 சென்டிமீட்டர் அளவுதான்!

1880-ல், அங்கே தண்ணீரில் விளையாடிய பையன் ஒருவன் சுவரில் எழுத்துகளைக் கண்டான். பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிகள். இன்னும் மூன்று முழம் பாறை இருக்கையில் எதிர்ப்பக்கத்து ஆட்களின் குரல் கேட்டதையும், கடைசியில் உளியோடு உளி மோதியதையும், தண்ணீர் 1,200 முழம் ஓடியதையும் அது விவரிக்கிறது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்வெட்டில் மன்னர் பெயரே இல்லை. இருப்பது வேலை செய்தவர்களின் சந்தோஷம் மட்டுமே. 2003-ல் வெளியான கரிமக் காலக்கணிப்பும் சுரங்கம் கி.மு. 700-ஐ ஒட்டியது என்றே காட்டியது.

46 ஊர்களின் கதி

கி.மு. 701-ல் அசீரிய மன்னன் சனகெரிப் வந்தான். யூதாவின் 46 அரணுள்ள பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமில் அடைத்ததாகவும் களிமண் பட்டயத்தில் பெருமையடித்துக் கொண்டான். நகரைப் பிடித்ததாக மட்டும் அதில் இல்லை. தேவதூதன் ஒரே இரவில் 1,85,000 பேரை அழித்தான் என்கிறது வேதாகமம். ஆனால், 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் தண்டம் கட்ட, மன்னர் ஆலயக் கதவுகளின் பொன்னைப் பெயர்த்துக் கொடுத்ததையும் அதே வேதாகமம் மறைக்கவில்லை.

தலைநகர் தப்பியது. லாகீசு தப்பவில்லை. நினிவே அரண்மனைச் சுவரில் சனகெரிப் செதுக்க வைத்த லாகீசு முற்றுகைக் காட்சிகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. கழுவேற்றப்பட்டவர்கள், மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளோடு நாடு கடத்தப்படும் பெண்கள், குழந்தைகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஒரு நகரைக் காத்த மன்னரின் துணிவுக்கு விலை கொடுத்தவர்கள் இவர்களே. எசேக்கியாவைப் புகழும்போது லாகீசையும் நினைத்துக் கொள்வதே நியாயம்.

விரல்நுனி அளவு முத்திரை

அவர் மகன் மனாசே, தந்தை நீக்கியவற்றையெல்லாம் மீண்டும் கொண்டு வந்தான். கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். அதற்கு முன்பே, கி.மு. 612-ல், நினிவேயும் மண்மேடாகிவிட்டது.

2009-ல் எருசலேம் அகழாய்வில், குப்பை கொட்டிய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள களிமண் முத்திரை கிடைத்தது. யூதாவின் அரசர், ஆகாசின் மகன் எசேக்கியாவுக்கு உரியது என்ற எழுத்து அதில் இருப்பது 2015-ல் அறிவிக்கப்பட்டது.

மன்னரின் பெயர் அந்தக் களிமண் துண்டில் இருக்கிறது. அவர் செய்வித்த காரியம் மலைக்குள் இருக்கிறது. கீகோன் தண்ணீர் இன்றும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது.