பசுமை ஹைட்ரஜன்: தூத்துக்குடி போட வேண்டிய கணக்கு

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறு பசுமை ஹைட்ரஜன் ஆலை தொடங்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர் வாயு, செலவு ரூ.3.87 கோடி. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளை எரிக்கவும் மின்வாகனங்களுக்கு சார்ஜ் ஏற்றவும்தான் அது. ஆனால் காண்ட்லா, பாரதீப்போடு இத்துறைமுகமும் ஹைட்ரஜன் மையமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெரிய ஆலைகள் வரும்முன் ஊர் தன் கணக்கைப் போட்டாக வேண்டும்.

அச்சம் நியாயமா?

ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது, 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. இதன் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும். ஆனால் மிக இலேசானது என்பதால் திறந்தவெளியில் விரைந்து மேலேறிக் கலையும். கப்பலில் அனுப்ப அதை அம்மோனியாவாக மாற்றும்போதுதான் கவலை கூடுகிறது, அது நச்சு வாயு. இங்குள்ள உர ஆலை 1970-களிலிருந்தே அம்மோனியாவைக் கையாண்டு வருகிறது. வாயு பழையது, வரவிருக்கும் அளவுதான் புதியது.

யாரும் அதிகம் பேசாத ஆபத்து எது?

தண்ணீர். 1 கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீரும், சுமார் 50 யூனிட் மின்சாரமும் வேண்டும். வறண்ட மாவட்டத்தில் கடல்நீரைத்தான் நன்னீராக்க வேண்டியிருக்கும். மிஞ்சும் உவர்க்கழிவு 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் பக்கம் போனால், பவளப்பாறைக்கும் மீனவர் பிழைப்புக்கும் அடி விழும்.

பேராசை என்ன செய்யும்?

இதற்கு முத்துக்குளிப்பின் கதையே பாடம். எதிர்க்கரையான இலங்கையில் 1905-ல் 8 கோடிக்கும் மேல் முத்துச் சிப்பிகள் கிடைத்தன. அந்த மலைப்பில் ஒரு நிறுவனம் 1906-ல் இலங்கைச் சிப்பிப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் பல ஆண்டுகள் குளிப்பே நடக்கவில்லை, நிறுவனம் கலைந்தது. சில நல்ல ஆண்டுகளை நம்பி இருபது ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டதன் விலை அது.

முத்துக்குளிப்பில் நல்ல வழக்கமும் இருந்தது. முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்டு, தேறினால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். துறைமுகத்தின் சிறு ஆலையையும் அப்படிப்பட்ட மாதிரியாகவே கொள்ளலாம். அதன் நீர், மின்சாரக் கணக்கை ஊர் அறியத் தமிழில் வெளியிட வேண்டும். பெரிய ஆலைக்கு ஒப்பந்தம் போடும்முன், உவர்க்கழிவு எங்கே போகும், அம்மோனியா தொட்டி குடியிருப்பிலிருந்து எவ்வளவு தொலைவு, விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் பதில் வேண்டும். லாபம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் என்றால், எவ்வளவு பசுமையான தொழில்நுட்பமும் இந்தக் கரைக்கு நியாயம் செய்யாது.