வெயிலை எதிர்கொண்ட நகரம்

சுல்தான் அஹ்மத் ஷா 1411இல் நிறுவிய அகமதாபாத், வெயிலுக்குப் புதியதன்று. ஆயினும் 2010 மே மாதத்தில் வெப்பம் 46.8 பாகை செல்சியஸைத் தொட்டபோது, வழக்கமான மே மாதங்களைவிட 1,344 பேர் கூடுதலாக அங்கு மாண்டனர். பன்னாட்டு ஒத்துழைப்பு என்றதும் மாநாட்டு மண்டபங்களையே நினைக்கும் நாம், பின்னர் நிகழ்ந்ததை அறிய வேண்டும். மாநகராட்சி, காந்திநகர்ப் பொதுச் சுகாதார நிறுவனத்தாரும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளரும் துணைநிற்க, 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவர்க்குப் பயிற்சி, குடிநீர்ப் பந்தல் என யாவும் எளிய ஏற்பாடுகளே. ஆய்வில் புலப்பட்ட ஒரு செய்தி நம்மை நெகிழ்விக்கிறது: ஒரு மருத்துவமனையில் பேறுகாலப் பகுதியை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றியதும், வெப்பத்தால் நலிவுறும் பச்சிளங்குழவிகள் குறைந்தனர். இதற்கு எந்த வல்லரசின் நிதியும் தேவைப்படவில்லை! ஆனால், எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளிலும் கூலியை இழக்க இயலாத கட்டடத் தொழிலாளி வெயிலில்தான் நிற்கிறார். அந்த ஒருநாள் கூலியை ஈடுசெய்வது யார் என்பதே இனி ஒத்துழைப்போர் எடுத்துக்கொள்ள வேண்டிய வினா.