தஞ்சையிற் கண்ட இசைநெறி

தஞ்சாவூரை இசைக்கு உறைவிடம் என்பர். அந்நகருக்கு யாம் சென்றிருந்தபோது, அப்பெருமை நிலைத்தமைக்குக் காரணத்தைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்றிற் கண்டோம்.

1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்கோயிலிலே திருப்பதிகம் பாடுதற்கு முதலாம் இராசராசன் 48 பேரை நியமித்தான். உடுக்கை வாசிப்பவர் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் சேர அவர்கள் 50 பேர். தலைக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. அவர்தம் பெயர்களுங் கல்லிற் பொறிக்கப்பட்டன. ஒருவர் இறப்பின் அவர்க்கு அடுத்த உரிமையாளர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவர் தகுதியிலராயின், தகுதியுடையார் ஒருவரை அமர்த்திப் பாடுவித்தல் வேண்டும். உரிமையோடு தகுதியையும் வேண்டிய இவ்விதி எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது.

சோழர் மறைந்தனர், இசை மறைந்திலது. மராட்டிய மன்னர் இரண்டாஞ் சரபோசியின் (1798–1832) அவையிலே சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் விளங்கினர். அலாரிப்பு முதலாகத் தில்லானா ஈறாக ஆடல் நிகழ்ச்சியை ஒழுங்குபடுத்தியோர் அவரே. பலாமரத்தில் வீணை செய்யுங் கைவினைஞர் இன்றும் அந்நகரில் உளர்.

நம் கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்திலும் தேவாரம் ஒலிக்கின்றது. அன்று பாடியோர் இன்று பழைய மாணவராயினர். இன்று பாடும் மாணவர்காள்! உரிமை உங்களுக்கு வந்துற்றது; தகுதியை நீங்களே தேடிக்கொள்ளல் வேண்டும்.