சுட்ட தோட்டாவின் மறுவாழ்வு

துப்பாக்கி சுட்டதும் குண்டு பறந்துவிடுகிறது. மருந்து எரிந்து புகையாகிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சிறிய பித்தளைக் கூடு. பலர் அதைக் குப்பை என்று எண்ணக்கூடும். ஆனால் அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டவர்களில் பலர் இந்தக் கூட்டைப் பொறுக்கி எடுத்து, வீட்டிலேயே மறுபடியும் நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். அங்கு அதற்குச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றமாகும். எனினும் இந்தச் சிறு கூட்டுக்குள் உலோகவியலும் வேதியியலும் நிறைய அடங்கியுள்ளன. அவற்றை நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. முன்னால் ஈயக் குண்டு, அதைத் தாங்கும் பித்தளைக் கூடு, கூட்டினுள் வெடிமருந்து, கூட்டின் அடியில் பிரைமர் எனப்படும் சிறிய தீமூட்டி. துப்பாக்கியின் ஊசி தீமூட்டியைத் தட்டும்போது அதிலுள்ள வேதிப்பொருள் வெடித்து, தீப்பொறியை உள்ளே செலுத்துகிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவில் இந்த வாயுவின் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் 2,400 மடங்கு வரை எட்டலாம்!

இந்த அழுத்தத்தில் கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயு பின்பக்கம் கசிவதில்லை. அழுத்தம் தணிந்ததும் பித்தளை தன் மீள்தன்மையால் சற்றே சுருங்குகிறது. கூட்டை எளிதாக வெளியே எடுக்கலாம். 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இப்பணிக்கு மிகவும் ஏற்றது.

மறுபடி நிரப்புபவர் முதலில் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். எரிந்த தீமூட்டியைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்துவார். பிறகு மருந்தை அளந்து இட்டு, குண்டைச் செருகுவார். இங்கு ஒரு வேடிக்கை உண்டு. பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் அமைத்த தீமூட்டி அமெரிக்காவில் பரவியது. பெர்டன் என்ற அமெரிக்கர் அமைத்ததோ ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால், ஓர் ஊசியால் பழைய தீமூட்டியைத் தள்ளிவிடலாம். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பித்தளையின் பகைவர்கள்

ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் என்ன ஆகும்? அது இறுகி, கடைசியில் முறிந்துவிடும். தோட்டாக் கூடும் அப்படியே. ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கி இறுகுகிறது. நாளடைவில் அதன் வாய் பிளக்கிறது. பாத்திரம் அடிக்கும் கன்னார் இடையிடையே பித்தளையைத் தீயில் காட்டி இளக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கிக் கூடுகளையும் தொழிற்சாலையில் அவ்வாறே காய்ச்சிப் பதப்படுத்துகிறார்கள்.

ஆனால் சுடாமல் வைத்திருந்த கூடும் வெடித்துவிடுவது உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் இதைக் கண்டு திகைத்தனர். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கையில் கீறல் விட்டிருந்தன. இதற்குப் 'பருவ வெடிப்பு' என்று பெயர் வந்தது. பருவத்தின் மேல் பழி விழுந்தாலும் உண்மைக் குற்றவாளி வேறு. 1921-இல்தான் மூர் என்பவரும் அவருடைய தோழர்களும் அதை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்துடன் சேர்ந்து தாமிரத்தைக் கரைக்கிறது. கூட்டை அச்சில் இழுத்துச் செய்யும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் அந்த இடத்தைப் பிளக்கிறது. மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தணித்தால் இத்தொல்லை நீங்கும். பித்தளையை மெருகேற்ற அம்மோனியா கலந்த நீர்மங்களைத் தோட்டாக் கூடுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதன் காரணமும் இதுவே.

மருந்து உறங்குவதில்லை

1884-இல் பிரான்சில் வியே என்ற வேதியியலார் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். பஞ்சை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் அதன் அடிப்படை. இப்பொருள் பெட்டிக்குள் சும்மா இருப்பதில்லை. மிக மெதுவாகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடுகிறது. அவ்வாயுக்களும் ஈரமும் சேர்ந்து அமிலமாகி, சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றன. அதனால் வெப்பம் பிறக்கிறது. வெப்பமோ சிதைவை இன்னும் தூண்டுகிறது.

இதற்குப் பிரெஞ்சுக் கடற்படை பெரும் விலை கொடுத்தது. 1907 மார்ச் 12-இல் தூலோன் துறைமுகத்தில் 'இயேனா' என்ற போர்க்கப்பல் வெடித்து ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். 1911 செப்டம்பர் 25-இல் அதே துறைமுகத்தில் 'லிபெர்த்தே' வெடித்து, ஏறத்தாழ 300 உயிர்கள் போயின. எதிரி ஒருவரும் அங்கு இல்லை. கிடங்கில் இருந்த பழைய மருந்தின் சிதைவே காரணம் என்று கருதப்பட்டது. இன்று டைஃபீனைலமீன் போன்ற நிலைநிறுத்திகளை மருந்தில் சேர்க்கிறார்கள். அவை கெட்ட வாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. எனினும் அவையும் ஒரு நாள் தீர்ந்துவிடும்.

ஒழுங்கே காவல்

இப்போது சேமிப்பு விதிகளின் பொருள் தானே விளங்கும். மருந்தைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வெப்பம் சிதைவை முடுக்கும். அதன் சொந்தக் கொள்கலத்திலேயே வைக்க வேண்டும். அக்கலம் தீப்பட்டால் எளிதில் பிளந்துவிடும்படி அமைந்தது. உறுதியான இரும்புப் பெட்டியில் இறுக மூடினால், எரியக்கூடிய மருந்து வெடிகுண்டாக மாறும்! தீமூட்டிகளைப் புட்டியில் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்க மற்றவை அனைத்தும் சேர்ந்து வெடிக்கும். ஆகவே அவை ஒன்றையொன்று தொடாதபடி வந்த தட்டிலேயே, மருந்துக்குத் தொலைவில் இருக்க வேண்டும்.

பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தைப் பயன்படுத்தவே கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு மருந்துகள் எரியும் வேகத்தில் பெரிதும் வேறுபடலாம். கைத்துப்பாக்கி மருந்தின் அளவு சிறிது. சில கூடுகளில் தவறி இரட்டிப்பாக இட்டாலும் நிரம்பி வழியாது, கவனியாவிட்டால் கண்ணுக்கும் தப்பிவிடும். துப்பாக்கியே சிதறிக் கையையும் கண்ணையும் போக்கிவிடலாம். சுட்ட கூடு, தூய்மை செய்தது, நிரப்பி முடித்தது என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தேதி, மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுதி வைப்பதும், பழையதை முதலில் எடுப்பதும் இதனால்தான். புளித்த நெடியோ செந்நிறப் புகையோ தோன்றினால் அம்மருந்தின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. எல்லாவற்றையும் சிறுவர் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

பெட்டியில் அடைத்ததால் பொருள் அடங்கிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். இருட்டிலும் வேதியியல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதை அறிந்தவருக்கு, பெட்டியின் மேல் ஒட்டிய ஒரு தேதிச்சீட்டும் உயிர்காக்கும் கருவியாகும்.